மலைப்பாதையும் இதயக் குழாயும்

நீலகிரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தோர்க்கு ‘அடைப்பு’ என்னும் சொல் இருவகை அச்சத்தை எழுப்ப வல்லது. ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பருவமழை வலுக்கும்போது குன்னூர் – மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தும் மரம் சாய்ந்தும் நேரும் அடைப்பு ஒன்று. நெஞ்சுக் கூட்டினுள் ஓசையின்றி நேரும் அடைப்பு மற்றொன்று. 2009ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையில் மலைச்சரிவு நாற்பதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. சாலைகள் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. அந்நாள்களில் நம் மனம் மண்ணில் புதையுண்டோரை எண்ணி வருந்தியதோடு நில்லாமல், அதே இரவில் ஏதோ ஓர் எஸ்டேட் லைன் வீட்டில் மார்பைப் பிடித்துக்கொண்டு விடியலுக்காகக் காத்திருக்கக்கூடிய யாரோ ஒருவரையும் எண்ணிப் பதைத்தது. கோவைக்கு இறங்கினால் அவர் பிழைப்பார். இறங்கச் சாலை இல்லை.

தமிழ்த்துறை வெளியிடும் மலரில் மருத்துவக் கருவிகளைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டா என்று சிலர் வினவக்கூடும். சங்கப் பாடலும் சீறாப்புராணமும் பேசப்படும் பக்கங்களுக்கிடையே இரும்பும் ரப்பரும் எதற்கு என்று முகம் சுளிக்கும் பெரியவர்களும் இருக்கக்கூடும். அறிவியலைத் தமிழில் சொல்ல வேண்டும் என்று மேடைதோறும் முழங்கும் நாம், சொல்லிப் பார்ப்பதற்கான வாய்ப்பு வரும்போது பின்வாங்குதல் முறையன்று என்பதே நம் விடை. மேலும், இப்பொருள் நம் இல்லத்திற்குள் வந்து சென்ற பொருள்.

நம் தாய்மாமா குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் முப்பத்தோராண்டுகள் பிட்டராகப் பணியாற்றியவர். வாட்டிய இலை உருளைகளில் அரைபட்டுப் புளித்துக் கறுத்த பின், அதை உலர்த்தும் ட்ரையருக்குச் சூடான காற்று வேண்டும். விறகடுப்பின் தழல் குழாய்களைச் சூடாக்க, அக்குழாய்களைத் தழுவிச் செல்லும் காற்று சூடேறி உள்ளே பாயும். குழாய்களில் கரி படியப் படியச் சூடு குறையும். சூடு குறைந்தால் தூளின் மணம் கெடும். ஆகவே குறித்த நாளில் அடுப்பை அணைத்து, நீண்ட கம்பியின் முனையில் எஃகுத் தூரிகையைப் பொருத்தி, ஒவ்வொரு குழாயாகக் குத்தித் தேய்த்துக் கரியை வெளியே கொட்டுவது அவர் வேலை. ஓடையிலிருந்து லைன் வீடுகளுக்கு வரும் குடிநீர்க் குழாயில் சருகோ வேரோ சிக்கினாலும் அவரைத்தான் அழைப்பார்கள். குழாயைத் தட்டிப் பார்த்தே, அடைப்பு எந்த முழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்.

2007ஆம் ஆண்டு சனவரித் திங்கள், உறைபனி விழுந்த ஒரு வைகறையில் அவருக்கு நெஞ்சு வலித்தது. தஹஜ்ஜுத் தொழுகைக்கு எழுந்தவர் ஒளு செய்யும்போதே அமர்ந்துவிட்டார். எஸ்டேட் ஜீப்பில் மலைமேல் இருந்த ஒரு மருத்துவமனைக்கு, அங்கே இ.சி.ஜி. எடுத்து, உறைந்த குருதியைக் கரைக்கும் ஊசியைச் செலுத்தினார்கள். பின்னர் ஆம்புலன்ஸில் பர்லியாறு வழியாகக் கீழே. கொண்டையூசி வளைவுகள் பதினான்கையும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நாம் உடன் சென்றோம். வலி கண்டதற்கும் கோவை மருத்துவமனையின் வாயிலை அடைந்ததற்கும் இடையே ஆறு மணி நேரத்திற்கு மேல் கடந்துவிட்டது. அங்கே ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்து, இடப்புறத்து முன்தமனியில் ஸ்டென்ட் வைத்தார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்றின் விலை மட்டும் ஒரு லட்சத்தைத் தாண்டியது. மாமியின் நகைகள் அன்று மாலையே அடகுக்கடைக்குச் சென்றன. விலைப்பட்டியலை நம் முன் வைத்தவர், “வெளிநாட்டுச் சரக்கா, உள்நாட்டுச் சரக்கா?” என்று கேட்ட தொனி இன்றும் நம் செவியில் இருக்கிறது. துணிக்கடையில் கேட்கும் தொனி அது.

மூன்றாம் நாள் மருத்துவர் பார்வையிட வந்தபோது, “எப்படி இருக்கிறீர்கள் பாய்?” என்றார். மாமா நலம் சொல்லவில்லை. “டாக்டர் ஐயா, குழாயைச் சுத்தம் செய்தீர்களே, எடுத்த கரியை எங்கே போட்டீர்கள்?” என்று கேட்டார்.

மருத்துவர் சிரித்துவிட்டார். “எடுக்கவில்லை பாய். சுவரோடு சேர்த்து அழுத்திவிட்டு, மறுபடி வந்து மூடாமல் இருக்க ஒரு கம்பி வலையை முட்டுக் கொடுத்திருக்கிறோம்” என்றார்.

அவர் சென்ற பின் மாமா நம்மிடம் சொன்னது: “முப்பது வருசம் நான் இப்படிச் செய்திருந்தால் துரை என்னை முதல் மாசமே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்.”

அந்தக் கேள்வியே பல ஆண்டுகள் நம்மை இத்துறையின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. படிக்கப் படிக்க, மாமாவின் கேள்வி எளிய கேள்வியன்று என்பதும், இக்கருவிகளைக் கண்டவர்கள் அனைவரும் வெவ்வேறு வடிவில் இதே கேள்வியோடு போராடியவர்களே என்பதும் விளங்கலாயின.

இதயத் தமனியில் படிவது அடுப்புக் குழாயில் படியும் கரி போன்றதன்று. குழாயின் உட்பரப்பின்மேல் ஒட்டிக்கொள்வதற்கு மாறாக, அது குழாய்ச் சுவரின் உள்ளேயே கொழுப்பாகவும் நாராகவும் சுண்ணமாகவும் வளர்கிறது. ஒரு நாள் அதன் மேல்தோல் கிழிய, கிழிந்த இடத்தில் குருதி உறைந்து வழியை முழுவதும் மூடிவிடுகிறது, அதுவே மாரடைப்பு. இதயத்தை ஊட்டும் இத்தமனிகளின் குறுக்களவு மூன்று அல்லது நான்கு மில்லிமீட்டர். அந்த இடுக்கில் தூரிகையை விட்டுத் தேய்த்தால், சுவர் கிழியலாம். பெயர்ந்த துகள் கீழே ஓடி நுண்ணிய கிளைகளை அடைக்கலாம். தொழிற்சாலைக் குழாய்க்கு மறுமுனை திறந்திருக்கிறது, கரி வெளியே கொட்டுகிறது. இதயக் குழாயின் மறுமுனை உயிருள்ள தசைக்குள் முடிகிறது. இவ்வேறுபாட்டை மாமாவுக்கு விளக்கியபோது அவர் நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, “அப்படியானால் உறிஞ்சி எடுக்கலாமே” என்றார்.

அதையும் அறிவுலகம் செய்து பார்த்திருக்கிறது. உறைகட்டியை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்த பின் ஸ்டென்ட் வைப்பதே சிறந்தது என்று சில காலம் நம்பினார்கள். 2013இலும் 2015இலும் வெளிவந்த இரண்டு பேராய்வுகள் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்ட இரண்டாவது ஆய்வில், எல்லோருக்கும் வழக்கமாக உறிஞ்சுவதால் உயிர்கள் கூடுதலாகக் காக்கப்படவில்லை. பக்கவாதமோ சற்று மிகுந்தது. இச்செய்தியைச் சொன்னபோது மாமா வருந்தவில்லை. தம் எண்ணத்தைப் பத்தாயிரம் பேரிடம் சோதித்தார்களா என்று வியந்தார்.

இனி, இக்கருவிகளின் முன்னோடிகளைப் பார்ப்போம். இங்கே ஒரு விந்தையைக் காண்கிறோம். இதயத்தை நாடிச் சென்ற கருவிகள் பலவும் சிறுநீர் வழியிலிருந்து புறப்பட்டவையே.

கொர்டோபா நகரின் அருகே வாழ்ந்து 1013 வாக்கில் மறைந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் அறுவைப் பகுதியில் ஏறத்தாழ இருநூறு கருவிகளைப் படமாகவே வரைந்து காட்டியவர். சிறுநீர் வழியில் சிக்கிக்கொண்ட கல்லுக்கு அவர் கூறும் வழி நம்மை நிமிர்ந்து உட்கார வைப்பது. முக்கோண முனையுடைய மெல்லிய எஃகுத் துரப்பணத்தை உள்ளே செலுத்துக. கல் பின்னோக்கி நழுவாதபடி அதன் பின்புறம் நூலால் கட்டுக. பின்னர்க் கருவியைப் பதமாகத் திருகித் திருகிக் கல்லைத் துளைத்து, சிறுநீர் பாயுமாறு செய்க. எஞ்சிய கல்லை வெளியிலிருந்து விரலால் நசுக்குக. உடலைப் பிளக்காமல், உடலே வைத்திருக்கும் வழியாகச் சென்று, அடைப்பைத் துளைத்தல் என்னும் எண்ணம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு முஸ்லிம் மருத்துவரின் கையில் கருவியாகியிருக்கிறது. பிற்காலத்தில், 1980களில், அமெரிக்கரான டேவிட் ஆத் வைரத்துகள் பதித்த நுண்குமிழ் ஒன்றை நிமிடத்திற்கு ஒன்றரை லட்சம் முறைக்கும் மேல் சுழலவிட்டு, தமனியில் கெட்டித்த சுண்ணத்தை அரைக்கும் கருவியை அமைத்தார். சிறுநீரகக் கல்லை ஒலியதிர்வால் உடைக்கும் முறை 1980இல் மியூனிக்கில் மனிதர்க்குப் பயன்படத் தொடங்கியது. அதே தத்துவம் பலூனுக்குள் அடக்கப்பட்டு, இதயத் தமனியின் சுண்ணத்தை நொறுக்க 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அவ்வாறே, 13ஆம் நூற்றாண்டில் திமிஷ்கிலும் கெய்ரோவிலும் வாழ்ந்த இப்னுன் நஃபீஸ், குருதி இதயத்தின் வலப்பாகத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்பாகம் சேர்கிறது என்று காலெனை மறுத்து எழுதினார். இதயம் தன் தசையூடே ஓடும் குழாய்களிலிருந்தே ஊட்டம் பெறுகிறது என்றும் கூறினார். அச்சுவடி 1924இல் பெர்லின் நூலகத்தில் ஓர் எகிப்திய மருத்துவரின் கண்ணில் படும்வரை உலகம் அதை மறந்திருந்தது.

இவற்றைச் சொல்வதால் எல்லாம் நம் முன்னோரிடமே இருந்தது என்று மார்தட்ட நாம் முற்படவில்லை. அவ்வகை மார்தட்டல் நம் மேடைகளில் மலிந்துவிட்டது என்பது நம் கருத்து. அஸ்ஸஹ்ராவி படம் வரைந்தார், அளவு சொன்னார், செய்து பார்த்தார். அந்தப் பழக்கத்தை நாம் எங்கே விட்டோம் என்று கேட்பதே அவர் பெயரைச் சொல்வதன் பயன்.

1929இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூரில், வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் மருத்துவர், மேலதிகாரி தடுத்தும் கேளாமல் தம் கைச் சிரையில் ஒரு மெல்லிய குழாயைச் செலுத்தி, அது தம் இதயத்தை எட்டியதை எக்ஸ்ரேயில் தாமே பார்த்தார். அவர் எடுத்த குழாயும் சிறுநீர் மருத்துவத்திற்குரியதே! அவருக்கு முதலில் கிடைத்தது கண்டனம். நோபல் பரிசு 1956இல்தான் வந்தது.

அமெரிக்காவின் சின்சினாட்டியில் தாமஸ் ஃபோகார்ட்டி என்னும் இளைஞர், பள்ளிப் பருவத்திலேயே மருத்துவமனையில் சிறுபணி செய்தவர். கால் தமனியில் உறைகட்டி சிக்கியவர்களை நெடுக அறுத்து மருத்துவம் செய்வதையும், அதன் பின்னும் பலர் காலையோ உயிரையோ இழப்பதையும் அவர் கண்டார். குழாயைச் சுருங்கிய நிலையில் கட்டியைக் கடந்து செலுத்தி, அப்பால் ஒரு பலூனை விரித்து, கட்டியை இழுத்து வந்தால் என்ன என்று எண்ணினார். அறுவைக் கையுறையின் விரல் நுனியை வெட்டி, சிறுநீர்க் குழாயின் முனையில் பொருத்த வேண்டும். அக்காலப் பசை எதுவும் ரப்பரையும் குழாயையும் ஒட்டவில்லை. சிறுவயதில் மீன் பிடிக்கத் தூண்டிலில் இறகுப்பூச்சி கட்டிப் பழகிய முடிச்சு அவருக்குக் கைகொடுத்தது. 1961இல் முதல் நோயாளிக்குப் பயன்பட்டது. அதை உற்பத்தி செய்ய நிறுவனங்கள் பல மறுத்தன. இன்று உலகெங்கும் அவர் பெயரால் அது வழங்குகிறது. மாமாவுக்கு இவ்வரலாற்றில் மிகப் பிடித்த மனிதர் இவரே. காரணம், இவர் அடைப்பை உண்மையிலேயே வெளியே எடுத்தவர்!

1964 சனவரி 16 அன்று ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லாந்தில் சார்லஸ் டாட்டர், கால் அழுகத் தொடங்கிய 82 வயது மூதாட்டியின் தமனியைக் கத்தியின்றி, ஒன்றைவிட ஒன்று பருத்த குழாய்களைச் செலுத்தியே அகலப்படுத்தினார். காலை வெட்ட மறுத்த அப்பெண்மணி தம் இறுதிவரை இரு காலாலும் நடந்தார். டாட்டரின் முறையைப் பின்பற்றி, அதில் பலூனைச் சேர்த்து இதயத்திற்குக் கொண்டு சென்றவர் ஆந்திரியாஸ் குருன்ட்சிக். சூரிச் நகரில் தம் வீட்டுச் சமையலறை மேசையின்மேல், மனைவியும் உதவியாளரும் துணைநிற்க, பிளாஸ்டிக்கைச் சூடாக்கியும் ஊதியும் இரவிரவாக அவர் பலூன் செய்தார். ரப்பர்ப் பலூன், ஊதினால் அடைப்பு இல்லாத பக்கமாக உப்பிவிடும். குறித்த அளவுக்கு மேல் விரியாத, கெட்டியான பலூனே வேண்டும். இதைக் கண்டறிந்ததே அவருடைய வெற்றி. 1977 செப்டம்பர் 16 அன்று, 38 வயது நோயாளி ஒருவரின் இதயத் தமனியில், அவர் விழித்திருக்கும்போதே அப்பலூன் விரிந்தது. இன்று அப்பலூன்களைப் பத்து வளிமண்டல அழுத்தத்திற்கும் மேலாக ஊதுகிறார்கள். காரின் டயரில் இருப்பது அதில் ஐந்தில் ஒரு பங்கு. குருன்ட்சிக் 1985இல் விமான விபத்தில் மனைவியுடன் மறைந்தார்.

அவரிடம் அமெரிக்காவில் பயின்று வந்த கோட்டயத்துக்காரரான மாத்யூ சாமுவேல் களரிக்கல், 1986இல் சென்னையில் இம்மருத்துவத்தை இந்தியாவில் தொடங்கி வைத்தார். 2025 ஏப்ரலில் அவர் மறைந்தபோது, தமிழக இதழ்களில் அதற்குக் கிடைத்த இடம் நமக்குப் போதியதாகத் தோன்றவில்லை.

பலூன் விரித்த தமனி மூவரில் ஒருவருக்கு ஆறு மாதத்திற்குள் மீண்டும் சுருங்கியது. முட்டுக் கொடுக்கும் எண்ணம் அதனால் பிறந்தது. 1986இல் பிரான்சின் துலூஸ் நகரில் ழாக் புயெலும், சுவிட்சர்லாந்தின் லோசானில் உல்ரிக் சிக்வார்ட்டும் மனித இதயத்தில் முதல் ஸ்டென்ட்களை வைத்தார்கள். இச்சொல்லுக்கு நிகராகத் தமிழில் பலவற்றை முயல்கிறார்கள். நாம் அப்படியே வைத்துக்கொள்வோம் என்போம். ‘ஸ்டென்ட்’ என்பது ஒரு மனிதரின் பெயர்: சார்லஸ் ஸ்டென்ட், 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பல் மருத்துவர், பல் அச்செடுக்கும் பசையைச் செம்மை செய்தவர். பெயரை யாரும் மொழிபெயர்ப்பதில்லை.

இராமேசுவரத்து மரைக்காயர் குடும்பத்தில் 1931இல் பிறந்த ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் அவர்களை ஏவுகணையோடு இணைத்தே நம் மாணவர்கள் அறிவர். ஹைதராபாத்தில் பாதுகாப்பு ஆய்வுக்கூடங்களை நடத்திய ஆண்டுகளில், அங்கே உருவான உலோகமும் கலவைப்பொருளும் மருத்துவமனைக்கும் செல்ல வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார். போலியோவால் கால் தளர்ந்த குழந்தைகள் கிலோக்கணக்கில் எடையுள்ள இரும்புத் தாங்கியைச் சுமந்து நடப்பதைக் கண்டு, அக்னி ஏவுகணைக்காக உருவான எடைகுறைந்த பொருளால் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எடையில் தாங்கி செய்யச் செய்தார். 1993இல் இத்தகைய முயற்சிகளுக்கென ஒரு மருத்துவத் தொழில்நுட்பச் சங்கமும் அமைந்தது. இதயநோய் மருத்துவர் பி. சோமராஜு அவர்களுடன் இணைந்து, இறக்குமதி விலையில் ஒரு பகுதிக்கே கிடைக்கத்தக்க எஃகு ஸ்டென்ட்டை 1990களில் அவர் உருவாக்கினார். அதுவே கலாம் – ராஜு ஸ்டென்ட்.

அந்த ஸ்டென்ட் சந்தையை வென்றதா என்று கேட்டால், இல்லை என்பதே நேர்மையான விடை. 2002, 2003இல் மருந்து பூசிய ஸ்டென்ட்கள் வந்தன. வெறும் எஃகு வலை பின்தங்கியது. மாமாவுக்கு 2007இல் ஸ்டென்ட் வைத்தபோது கலாம் அவர்கள் குடியரசுத் தலைவர் மாளிகையில் இருந்தார்கள். அவர் பெயர் தாங்கிய பொருளை நம்மிடம் யாரும் காட்டவில்லை. ஆயினும், இது வெளிநாட்டால் மட்டுமே இயலும் என்ற மயக்கம் அந்த முயற்சியால் கலைந்தது. இறக்குமதியாளர் தம் விலையை எண்ணிப் பார்க்க நேர்ந்தது என்பர். சூரத்திலும் வாபியிலும் இன்று ஸ்டென்ட் செய்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள்.

விலை குறைந்ததற்கு அறிவியலைவிடச் சட்டமே பெரிதும் காரணம் என்பதையும் மறைக்கலாகாது. 2016இல் ஸ்டென்ட் இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்ந்தது. 2017 பிப்ரவரியில் தேசிய மருந்து விலை ஆணையம், வெறும் உலோக ஸ்டென்ட்டுக்கு 7,260 ரூபாயும் மருந்து பூசியதற்கு 29,600 ரூபாயும் உச்சவரம்பாக விதித்தது. பத்தாண்டுகளுக்கு முன் மாமியின் நகையை விழுங்கிய பொருளின் விலை, ஓர் ஆணையால் நான்கில் ஒன்றுக்கு அருகே இறங்கியது. அச்செய்தியை நாளேட்டில் படித்த மாமி நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. “அப்படியானால் அன்றைக்கும் அது அவ்வளவுதானா பெறும்?” என்று மட்டும் கேட்டார்கள். அதற்கு நம்மிடம் விடை இல்லை. ஸ்டென்ட்டின் விலை குறைந்த போதிலும், மருத்துவமனையின் பிற கட்டணங்கள் எங்கே நிற்கின்றன என்பதும் நம் நாட்டில் ஆராயத்தக்க பொருளே.

நம் நீலகிரிக்கும் இம்மருத்துவ வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. குன்னூரில் 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடி மருந்தால் புகழ்பெற்றது. அதே குன்னூரில் 1918இல் ராபர்ட் மெக்காரிசன் ஓர் அறையில் தொடங்கிய உணவாய்வு, வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. உண்ணும் உணவே உடலை ஆக்கவும் அழிக்கவும் செய்கிறது என்று உலகிற்குக் காட்டிய ஆய்வுகள் நம் மலையில் நடந்தன. ஆனால் மலைமக்களின் தட்டில் இன்று என்ன இருக்கிறது என்று பார்க்கும்போது, அந்த ஆய்வகம் இங்கிருந்து புறப்பட்டுப் போனது பொருத்தமே என்று கசப்புடன் தோன்றுகிறது. பேக்கரியில் வர்க்கியும் தேநீருமாகக் காலைப் பொழுதை முடித்துக்கொள்ளும் தொழிலாளியிடம் கொழுப்பைப் பற்றி யார் பேசுவது?

கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், அது அடைப்பைச் சென்றடையும் நேரமே உயிரை முடிவு செய்கிறது. மூடிய தமனிக்கு அப்பால் உள்ள தசை நிமிடந்தோறும் மடிகிறது. கோவை மருத்துவர் தாமஸ் அலெக்ஸாண்டர், சென்னை மருத்துவர் அஜித் முல்லசாரி முதலியோர் தமிழகத்தில் 2012 முதல் நடத்திய ஆய்வு இதற்குச் சான்று. சிறிய மருத்துவமனைகளைப் பெரிய மருத்துவமனை ஒன்றோடு ஆரக்கால்களை அச்சோடு பிணைப்பதுபோல் இணைத்தார்கள். நோயாளி இருக்கும் இடத்திலேயே இ.சி.ஜி. எடுத்துத் தொலைவிலுள்ள நிபுணருக்கு அனுப்புவது. அருகிலேயே கட்டியைக் கரைக்கும் ஊசியைச் செலுத்துவது. பின்னர்ப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றி ஆஞ்சியோகிராம் எடுப்பது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அவ்வாய்வின் முடிவு 2017இல் வெளிவந்தது: ஓராண்டுக்குள் இறப்போர் நூற்றுக்கு 17.6இலிருந்து 14.2ஆகக் குறைந்தனர். புதிய உலோகமோ புதிய பலூனோ இதில் இல்லை. இருப்பவற்றை வரிசைப்படுத்தியதே இங்குக் கண்டுபிடிப்பு.

2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2023இல் தமிழக அரசு தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தால், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகிய மாத்திரைகளின் முதல் தவணை ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே கிடைக்கிறது. உதகையில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது; 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் அதன் மருத்துவமனை திறக்கப்பட்டது. கோவைக்கு இறங்கியே தீர வேண்டும் என்னும் நிலை மெல்ல மாறும் என நம்புகிறோம். எனினும் கூடலூரிலிருந்து உதகைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர், பந்தலூரிலிருந்து இன்னும் மிகுதி, முழுவதும் மலைப்பாதை.

2015 சூலை 27 அன்று, மேகாலயத்தின் ஷில்லாங் என்னும் மற்றொரு மலைநகரில், மாணவர்முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே கலாம் அவர்கள் சாய்ந்தார்கள். இதயம் நின்றது. மருத்துவமனை எட்டும் தொலைவில்தான் இருந்தது. ஆனால் அவர்களின் தவணை முடிந்திருந்தது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன். அன்றிரவு மாமா நம்மைத் தொலைபேசியில் அழைத்து, தம் மார்பிலிருப்பது கலாம் செய்த கம்பியா என்று கேட்டார். இல்லை என்றோம். “இருந்திருக்கலாம்” என்றார்.

மாமாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. அண்மையில் நம் கல்லூரி மாணவர் சிலரை அவரிடம் அழைத்துச் சென்றோம். இயற்பியல் பயிலும் மாணவி ஒருவர், மலைக்கு என்ன கருவி வேண்டும் என்று அவரிடம் கேட்டார். ஸ்டென்ட்டைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. துணை சுகாதார நிலையத்து இ.சி.ஜி. பெட்டி மழைக்கால ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க வேண்டும். மின்சாரம் மூன்று நாள் இல்லாவிட்டாலும் பேட்டரி நிற்க வேண்டும். செல்போன் கோபுரம் சாய்ந்தாலும் படம் கீழே போய்ச் சேர வேண்டும். பொத்தான்கள் குளிரில் விறைத்த விரலுக்கு ஏற்றபடி பெரியனவாக இருக்க வேண்டும் என்று அடுக்கினார். மாணவி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். பேட்டரியின் எடை எவ்வளவு இருக்கலாம் என்று அவர் திரும்பக் கேட்க, இருவரும் அதைப் பற்றியே மக்ரிப் பாங்கு ஒலிக்கும்வரை பேசிக்கொண்டிருந்தனர்.